குடும்பத் தலைவர் கணக்கில் ஒரு தங்கை

பாயிண்ட்டக்கா ஒரு பொருளை வாங்குகிறாள் என்றால் அது அவளுக்குத் தேவை என்று அர்த்தமில்லை. அந்த வாரம், அந்தக் கடையில், அந்தக் கிரெடிட் கார்டுக்கு ஐந்து மடங்கு பாயிண்ட் என்று அர்த்தம். பெட்ரோலுக்கு ஒரு கார்டு, மளிகைக்கு ஒன்று, மின்கட்டணத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றின் முதுகிலும் பிளாஸ்திரித் துண்டு ஒட்டி, எது எதற்கு என்று மார்க்கரால் எழுதி வைத்திருப்பாள். அலுவலகத்தில் யாராவது வேலையை விட்டுப் போனால், பரிசு வாங்க வசூல் தொடங்கும்போதே, "காசை என்கிட்ட குடுங்க, பில்லை நான் கார்டுல போட்டுக்கறேன்" என்று முதல் ஆளாக வந்து நிற்பாள். அதனால்தான் அந்தப் பெயர். பெயர் வைத்தவர்களை அவள் கோபித்துக்கொண்டதில்லை. அவர்களையும் உட்காரவைத்து வித்தையைச் சொல்லிக்கொடுத்தாள்.

கேலி செய்கிறவர்கள் செய்யட்டும். வாடகை வீடு, இரண்டு சம்பளம், இரண்டும் சின்னது. கணவர் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் அரைப்பவர். அப்படிப்பட்ட வீட்டில் மூன்று பேர் விமானத்தில் ஏறிப் போய், கடலைப் பார்த்தபடி நாலு நாள் தங்கிவிட்டு வரவேண்டும் என்றால் வேறு என்ன வழி? கொள்ளையடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பாயிண்ட் சேர்க்க வேண்டும். அவள் சேர்த்தாள். தவணை தவறாமல் கட்டி, காலாவதித் தேதிகளைச் சமையலறைக் காலண்டரில் சிவப்பில் வட்டமிட்டு, எறும்பு மாதிரி சேர்த்தாள்.

எல்லாம் மகளுக்காக. ஏழு வயது. வீட்டில் வாண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். வாண்டு கடலைப் பார்த்ததில்லை. முதல் வருடம் கூட்டிப்போகிறேன் என்றாள், பாயிண்ட் போதவில்லை. இரண்டாம் வருடம் புறப்படுவதற்கு முந்தின நாள் வாண்டுக்கு நூற்று மூன்று காய்ச்சல். மூன்றாம் வருடம் இலவச இருக்கையே கிடைக்கவில்லை. அன்று சாப்பாட்டு மேசையில் வாண்டு நிதானமாகக் கேட்டது.

"அம்மா, கடல் நெஜமாவே இருக்கா? இல்ல, நீங்க ரெண்டு பேரும் சும்மா சொல்றீங்களா?"

அந்தக் கேள்வி பாயிண்ட்டக்காவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றுவிட்டது.

அவள் வேலை பார்த்தது ஒரு வங்கியின் கார்டு பிரிவில், மூன்றாம் மாடி மூலையில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில். அந்த மேசைக்குக் காகிதத்தில் 'கணக்கு முடிப்பு' என்று பெயர். மற்றவர்கள் வாயில் 'வழியனுப்பு டெஸ்க்'. கார்டுக்காரர் இறந்துபோனால் வீட்டு மனிதர்கள் கூப்பிடுவது அங்கேதான். காதில் மாட்டிய கருவியோடு எட்டு மணி நேரம் அவள் கேட்பது அழுகை, பெருமூச்சு, சில வீடுகளில் சந்தோஷம்கூட. "உங்கள் துயரத்தில் நாங்களும் பங்குகொள்கிறோம்" என்ற வரியை ஒரு நாளைக்கு முப்பது தடவை சொல்வாள். முப்பதாவது தடவையும் முதல் தடவை மாதிரியே சொல்வாள். அந்த அளவு நல்லவள்தான்.

இன்னொரு நல்ல குணமும் இருந்தது. இறந்தவரின் பாயிண்ட்டுகளை ஒரு வருடத்துக்குள் வீட்டார் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு விதி உண்டு. இறப்புச் சான்றிதழும் ஒரு படிவமும் போதும். கேட்டால் மட்டும் சொன்னால் போதும் என்பது மேலிடத்து உத்தரவு. துக்க வீட்டில் யார் பாயிண்ட்டைப் பற்றிக் கேட்பார்கள்? பாயிண்ட்டக்கா கேட்காமலே சொல்வாள். எதிர்முனையில் விசும்பல் அடங்கும்வரை காத்திருந்து, "அம்மா, இன்னொரு விஷயம், அவர் சேத்து வச்ச பாயிண்ட்டு இருக்கு" என்று ஆரம்பிப்பாள். மேலாளர் இரண்டு முறை கண்டித்தும் விடவில்லை. ஒரு பாயிண்ட் வீணாகப் போவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அப்படிப்பட்டவள்தான் அதைச் செய்தாள். அதனால்தான் இந்தக் கதையைச் சொல்லவேண்டியிருக்கிறது.

நாலாவது வருடம். டிக்கெட், ஓட்டல் எல்லாம் சேர்த்து எண்பத்து நாலாயிரம் பாயிண்ட். அவளிடம் சரியாக எண்பத்து நாலாயிரத்துச் சொச்சம். மூன்று இருக்கைகளை வியாழக்கிழமை வரை பிடித்து வைத்திருந்தாள். வாண்டுவிடம் சொல்லியாகிவிட்டது, வாண்டு வகுப்பு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. திங்கட்கிழமை காலை விமான நிறுவனம் மூச்சுக்காட்டாமல் பாயிண்ட் அட்டவணையை மாற்றிவிட்டது. அதே டிக்கெட், அதே ஓட்டல், இப்போது ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரம். முப்பத்தெட்டாயிரம் குறைகிறது. பாயிண்ட்டக்கா கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்தாள். வாண்டுவின் முகத்தில் எப்படி விழிப்பது என்பது ஒன்றுதான் அவள் மண்டைக்குள் ஓடியது.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு அந்த அழைப்பு வந்தது.

"எங்க வீட்டுக்காரர் போன மாசம் தவறிட்டாருங்க. கார்டை மூடணும்" என்றாள் ஒரு பெண். அழவில்லை. அழுது முடித்த குரல்.

பாயிண்ட்டக்கா வழக்கமான வரியைச் சொன்னாள். கணக்கைத் திறந்தாள். திரையைப் பார்த்ததும் முதுகு நிமிர்ந்தது. ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரம். எட்டு வருடச் சேமிப்பு. ஐந்து மடங்கு வாரங்களில் மட்டும் மளிகை, மூன்று மடங்கு நாட்களில் மட்டும் பெட்ரோல், பாயிண்ட் செத்துப்போகாமலிருக்கக் காலாவதிக்கு ஒரு நாள் முன்பு ஒரு சோப்பு. அவளுடைய வித்தைகள் அத்தனையும் அங்கே இருந்தன. கண்ணாடியில் தன்னையே பார்ப்பது போலிருந்தது. ஒரு பாயிண்ட்கூட அந்த மனிதர் செலவழிக்கவில்லை.

அந்தப் பெண்ணே கேட்டாள். "அவரு பாயிண்ட்டு பாயிண்ட்டுன்னு என்னமோ சேத்துட்டே இருப்பாரு. எங்களை எங்கேயாவது கூட்டிட்டுப் போகணும்னு. போகவே முடியல. அதெல்லாம் இப்ப என்ன ஆகும்?"

நூறு தடவை தானாகச் சொன்ன பதில் அது. நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் வெளியே வந்தது வேறு.

"அது... அவரோடயே போயிடும்மா."

"அவரோடயே போயிடுமா? கொஞ்சம் இருங்க, எழுதிக்கிறேன்." பேனா மூடி திறக்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அந்தப் பெண் எழுதினாள். "அவரோடயே... போயிடும். சரிங்க. எல்லாத்தையும் எழுதி வச்சிக்கிறேன், மறந்து மறந்து போவுது. உங்க பேரோ நம்பரோ ஏதாவது சொல்லுங்களேன், அதையும் எழுதிக்கிறேன்."

ஊழியர் எண்ணைச் சொல்லியே ஆகவேண்டும், அது விதி. பாயிண்ட்டக்கா, "ஹலோ, ஹலோ, கேக்கலையே" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தாள்.

அப்புறம் நடந்ததெல்லாம் ஐந்து நிமிடத்தில் நடந்தது. ஒருவர் பாயிண்ட்டை இன்னொருவருக்கு அப்படியே மாற்ற ஊழியர் திரையில் வழியில்லை. ஆனால் குடும்பக் கணக்கு என்று ஒன்று உண்டு. குடும்பத் தலைவர் கணக்கில் உறவினர்களைச் சேர்க்கலாம், சேர்ந்தவர்கள் எல்லோரும் அதிலிருந்து பயணம் பதிவு செய்யலாம். தன் பெயரை அடித்தாள். 'உறவு' என்று ஒரு கட்டம். மனைவி, மகன், மகள், தாய், தந்தை என்று பட்டியல் இறங்கியது. தங்கை என்பதில் விரலை நிறுத்தினாள். கூடப்பிறந்தவர் யாருமில்லாமல் ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவள், முப்பத்தாறு வயதில் ஒரே க்ளிக்கில் ஓர் அண்ணனைச் சம்பாதித்துக்கொண்டாள், அதுவும் செத்துப்போன அண்ணனை.

குறையும் முப்பத்தெட்டாயிரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ஊரிலிருந்து திரும்பியதும் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, தவறாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் படபடப்பில் பதிவு செய்தபோது, குடும்பக் கணக்கில் தலைவரின் பாயிண்ட்தான் முதலில் கழியும் என்ற விதியை மறந்தாள். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த விதி. பயணம் மொத்தமும் அவர் கணக்கிலேயே போய்விட்டது. அவளுடைய எண்பத்து நாலாயிரத்தில் ஒன்றுகூடக் குறையவில்லை.

பயணத் தகவல் அந்த வீட்டுக்குப் போகாமலிருக்கத் தலைவரின் கைபேசி எண்ணை மாற்றப் பார்த்தாள். மாற்றினால் பழைய எண்ணுக்கு ஒரு ரகசிய எண் போகும், அது வேண்டும் என்றது திரை. விட்டுவிட்டாள். செத்தவருடைய போனை யார் சார்ஜ் போட்டு வைத்திருப்பார்கள்?

ஐந்து வாரம் கழித்துப் புறப்பட்டார்கள். விமான நிலையத்தில் இயந்திரத்தில் பதிவு எண்ணைத் தட்டியதும் மூன்று சீட்டுகள் வந்தன. இயந்திரம் ஓயவில்லை. கொஞ்ச நேரம் உறுமிவிட்டு நாலாவதாக ஒரு சீட்டைத் துப்பியது. அதில் ஓர் எழுத்துகூட இல்லை.

"இது யாருக்கும்மா?" என்றது வாண்டு.

"யாருக்கும் இல்ல. வெறும் பேப்பர். தூக்கிப் போடு."

"நான் வச்சிக்கறேன். கேட்டா குடுத்துடலாம்" என்று சட்டைப் பையில் செருகிக்கொண்டது.

விமானத்தில் அவளும் வாண்டுவும் ஒரு பக்கம், கணவர் நடைபாதைக்கு அந்தப் பக்கம். ஓர் இடம்கூடக் காலியில்லை என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வாண்டுவுக்கு அடுத்த ஜன்னலோர இருக்கை மட்டும் காலியாக இருந்தது. கதவை அடைத்த பிறகும் யாரும் வரவில்லை. மூன்று வருடமாக ஜன்னல், ஜன்னல் என்று நச்சரித்த பிள்ளையிடம், "நகர்ந்து உக்காரு, வாண்டு" என்றாள்.

"வேணாம். அங்க ஆள் இருக்கு."

கணவர் சிரித்தார். "யாரு, உன் கண்ணுக்குத் தெரியாத தோழியா?" வாண்டு முழங்கையை இடிக்காமல் ஒடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்தப் பிள்ளை இதுவரை யாருக்கும் முழங்கையை ஒடுக்கியதில்லை.

சாப்பாடு கொண்டுவந்த பணிப்பெண் நாலு தட்டு வைத்தாள். "சாருக்கு உப்பு குறைச்சு தனியா சொல்லியிருக்கு. பாத்ரூம் போயிருக்காரா? வந்தா சூடு பண்ணித் தர்றேன்" என்றாள்.

பாயிண்ட்டக்காவுக்கு விஷயம் புரிந்தது. குடும்பத் தலைவரின் விருப்பங்கள் கணக்கிலேயே இருக்கும். எங்கே பதிவு செய்தாலும் அவை பின்னாலேயே போகும். உப்பு குறைவு, ஜன்னலோரம், எல்லாம் அவர் என்றோ ஒரு நாள் ஆசையாகப் பூர்த்தி செய்து வைத்த படிவம். விளக்கம் கிடைத்ததும் ஆளுக்குத் தைரியம் வரவேண்டும். அவளுக்கு வரவில்லை. நாலாவது தட்டின் மூடியில் நீர் முத்து முத்தாகக் கோத்து வழிவதையே பார்த்துக்கொண்டிருந்தாள், தன் சாப்பாடு ஆறும்வரை.

ஓட்டல் வரவேற்பில் இருந்த இளைஞன் திரையைப் பார்த்து முகம் மலர்ந்தான்.

"வாங்க மேடம். சார் மெதுவா வரட்டும். செக்-இன் ஏற்கெனவே ஆயிடுச்சு."

"யாரு பண்ணாங்க?"

"குடும்பத் தலைவர்னு காட்டுது. காலையிலேயே."

தானியங்கிப் பதிவாக இருக்கும், அதற்கும் ஒரு விதி உண்டு என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அறையில் நாலு கோப்பைகள், நாலு துண்டுகள், நாலு ஜோடி செருப்புகள். ஜன்னலோரக் கட்டிலில் தலையணை ஒன்று மட்டும் மற்றவற்றை விடத் தாழ்வு. கணவருக்குப் பெருமை தாங்கவில்லை. "கெட்டிக்காரிடி நீ. மூணு பேருக்கு நாலு பேர் ரூம் புடிச்சிருக்க பாரு" என்று அவள் தோளைத் தட்டினார். அவருக்கு ஒன்றும் தெரியாது. அவளும் சொல்லவில்லை. சொல்வதற்கு வாய் வந்தது, அப்போது பார்த்து வாண்டு திரைச்சீலையை இழுத்தது.

கடல்.

வாண்டு கத்தவில்லை, குதிக்கவில்லை. கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றது. ரொம்ப நேரம் கழித்து, "இருக்கு" என்றது. பாயிண்ட்டக்காவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்த ஒரு சொல்லுக்காக எதையும் செய்யலாம் என்று அந்த நிமிடத்தில் அவளுக்குத் தோன்றியது உண்மை. அதை மறைத்துப் பயனில்லை.

"இது யாரோடது?" என்றார் கணவர் பின்னாலிருந்து.

ஜன்னலோரக் கட்டிலின் பக்கத்து மேசையில் ஒரு மூக்குக் கண்ணாடி. கறுப்புச் சட்டம், காது வளையத்தில் நூல் சுற்றியிருந்தது. கணவர் தொழில் புத்தியில் அதை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார், முன்னும் பின்னும் நகர்த்தினார்.

"ஓட்டல்காரன் வச்சிருப்பான். படிக்கிறதுக்கு" என்றாள் அவள்.

"ஓட்டல்காரன் வைக்கிறது ரெண்டு பக்கமும் ஒரே பவர்ல கடையில கட்டுக்கட்டா வாங்கறது. இது அப்படி இல்ல. இடது கண்ணுக்கு மட்டும் எக்கச்சக்கமா ஏத்தியிருக்கு. பார்வைக் கோணலைச் சரிபண்ற சாய்மானம் வேற இருக்கு. ஒரே ஒரு ஆளுக்குன்னு உக்காந்து அரைச்சது." கண்ணாடியில் ஊதித் தன் சட்டை நுனியால் துடைத்தார். "தூசியே இல்ல பாரு. இப்பதான் யாரோ கழட்டி வச்ச மாதிரி இருக்கு."

பாயிண்ட்டக்கா கீழே போன் செய்தாள். அறையில் நாங்கள் எதுவும் வைக்கவில்லை, முந்தின விருந்தினர் விட்டுப்போனதும் எதுவுமில்லை, சுத்தம் செய்தவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்றார்கள். "சாரோடதா இருக்கும் மேடம்" என்றான் அந்த இளைஞன். இதற்கு விதி எதுவும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. கண்ணாடியை எடுத்து மேசை இழுப்பறையில் போட்டு மூடினாள்.

மறுநாள் காலை கணவரும் வாண்டுவும் தண்ணீரில் இறங்கி ஆட்டமாய் ஆடினார்கள். கணவர் அலைக்குப் பயந்து ஓடுவதைப் பார்த்து வாண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பாயிண்ட்டக்கா மணலில் விரித்த துண்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஓட்டல் ஆள் நாலு நாற்காலி போட்டுவிட்டுப் போயிருந்தான். மூன்றில் துணியும் பையும் கிடந்தன. நாலாவதில் ஒன்றும் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

வாண்டு சொட்டச் சொட்ட ஓடிவந்து துண்டைப் போர்த்திக்கொண்டது.

"அம்மா, மாமா கடலையே பாக்க மாட்டேங்கிறாரு."

"எந்த மாமா?"

"மாமாதான். போனையே பாத்துட்டு இருக்காரு. வரும் வரும்னு பாத்துட்டு இருக்காரு."

"வாண்டு, அம்மாவுக்குக் கோவம் வரும். எந்த மாமாடி?"

"உன் அண்ணன்தாம்மா" என்றது பிள்ளை, இதுகூடத் தெரியாதா என்பது போல.

 அந்த 'உறவு' கட்டத்தில் பாயிண்ட்டக்கா தேர்ந்தெடுத்த சொல்லை அவளும் அந்தத் திரையும் தவிர யாரும் அறிய வழியில்லை. "வெயில் தலைக்கேறிடுச்சு, நான் ரூமுக்குப் போறேன்" என்று கணவரிடம் கையைக் காட்டிவிட்டுக் கிட்டத்தட்ட ஓடினாள்.

அறை குளிர்ந்திருந்தது. படுக்கைகளைச் சரிசெய்து, கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். மேசைமேல் கண்ணாடி இருந்தது. இழுப்பறை திறந்திருக்கவில்லை. சுத்தம் செய்தவர்கள் எடுத்து வைத்திருக்கலாம். எத்தனை 'லாம்'களைத்தான் ஒரு மனுஷி அடுக்குவாள்? கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

அப்போது அறையின் போன் அடித்தது.

"மேடம், சார் வீட்டுலேருந்து கால். குடுக்கட்டுமா?" என்றது வரவேற்பு. அவள் பதில் சொல்வதற்குள் இணைத்துவிட்டார்கள்.

"ஹலோ? இது நானூத்திப் பன்னெண்டாம் நம்பர் ரூமா? கொஞ்சம் இருங்க, எழுதிக்கிறேன்."

பேனா மூடி திறக்கும் சத்தம்.

பாயிண்ட்டக்கா கட்டிலிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள்.

"தொந்தரவுக்கு மன்னிச்சிடுங்கம்மா" என்றாள் அந்தப் பெண். "நீங்க யாருன்னு தெரியாது. எங்க வீட்டுக்காரர் தவறி மூணு மாசம் ஆகப்போகுது. அவரு போனை நான் அணைக்கவே இல்ல. தினமும் சார்ஜ் போட்டுடுவேன். அதுல டிங்குன்னு ஒரு சத்தம் வந்தா, அவரு உள் ரூம்ல இருக்கற மாதிரி இருக்கும். நேத்துக் காலையில சத்தம் வந்துச்சு. எடுத்துப் பாத்தா, நீங்கள் விமானத்தில் ஏறிவிட்டீர்கள், இனிய பயணம்னு போட்டிருக்கு. மத்தியானம் இன்னொண்ணு. உங்கள் அறை தயார், கடல் பார்த்த அறைன்னு. அவரு கேட்டது எப்பவும் அதான். கடல் பார்த்த அறை."

பாயிண்ட்டக்கா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"யார்கிட்டயும் சொல்லல. சொன்னா பைத்தியம்பாங்க. புள்ளைங்க ரெண்டும் ஸ்கூலுக்குப் போனப்புறம் உக்காந்து எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கேன். காலை சாப்பாடு நாலு பேருக்கு, உப்பு குறைச்சுன்னு இன்னிக்கு வந்துச்சு. நாலு பேர்னா நாங்கதான? அவரு, நானு, ரெண்டு புள்ளைங்க. எங்களைத்தான கூட்டிட்டுப் போறேன்னாரு. நாங்க இங்கதான இருக்கோம்?"

குரல் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் தடுமாறி, மறுபடி சமமாயிற்று.

"கூட வந்தது தங்கச்சி குடும்பம்னு போட்டிருக்கு. அவருக்குக் கூடப்பொறந்தவங்களே கிடையாது. அதான் எனக்குப் புரியல. அப்புறம், அவரு கண்ணாடியைக் காணோம். பீரோவுல பூட்டி வச்சிருந்தேன், பூட்டு பூட்டினபடியே இருக்கு. அது இல்லாம அவருக்கு ஒரு எழுத்து தெரியாது, இடது கண்ணு ரொம்ப மோசம். எடுத்துட்டுப் போயிட்டாரு போல." ஒரு மூச்சு விட்டாள். "பேங்க்ல ஒரு அம்மா சொன்னாங்க, பாயிண்ட்டு எல்லாம் அவரோடயே போயிடும்னு. எழுதிகூட வச்சிருக்கேன். நான் உங்களைத் தப்பா எதுவும் கேக்கலம்மா. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவரு அங்க நல்லபடியா வந்து சேந்துட்டாரா?"

இதற்குச் சுலபமான பதில் ஒன்று இருந்தது. இங்கே அப்படி யாரும் இல்லை, ஏதோ கம்ப்யூட்டர் கோளாறு என்று சொல்லிப் போனை வைத்துவிடலாம். அலுவலகம் போய்ப் பட்டியலிலிருந்து தன் பெயரை நீக்கிவிட்டால் தடயம்கூட இருக்காது. அந்தப் பெண்ணின் பேச்சை யார் நம்பப் போகிறார்கள்? சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று அவளே சொன்னாள். பாயிண்ட்டக்காவுக்கு வேலை இருக்கும், வாடகை போகும், வாண்டுக்கு அம்மாமேல் இருக்கும் மரியாதை இருக்கும். அந்தப் பெண் மட்டும் ஒவ்வொரு டிங்குக்கும் ஓடிப்போய், தன்னை விட்டுவிட்டு வேறு யாரோடோ கடல் பார்க்கப் போன புருஷனைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பாள்.

ஜன்னல் வழியே கீழே பார்த்தாள். கணவர் துண்டை உதறிக்கொண்டிருந்தார். வாண்டு நாலாவது நாற்காலிக்கு முன்னால் நின்று, சட்டைப் பையிலிருந்து அந்த வெற்றுச் சீட்டை எடுத்து, இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டிக்கொண்டிருந்தது.

தான் என்ன செய்துவிட்டோம் என்பது முழுவதும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெட்கத்தில் காது மடல் எரிந்தது. சொல்லவேண்டியது நிறைய இருந்தது. சான்றிதழ், படிவம், இன்னும் ஒன்பது மாதம் அவகாசம், தொடாமல் கிடக்கும் அவளுடைய எண்பத்து நாலாயிரம், அது அந்த நாலு பேரில் மிஞ்சிய மூன்று பேருக்குப் போதுமா போதாதா என்ற கணக்கு. அதெல்லாம் அப்புறம்.

"அம்மா" என்றாள். முப்பதாவது தடவையும் தடுமாறாத குரல் இப்போது தடுமாறியது. "அன்னிக்கு பேங்க்லேருந்து உங்ககிட்ட பேசினது நான்தான். தங்கச்சின்னு போட்டதும் நான்தான். நீங்க கேட்ட நம்பரைச் சொல்லாம போனை வச்சேன். கையில பேனா இருக்கா?"

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"இருக்கு" என்றாள் அந்தப் பெண். "கொஞ்சம் இருங்க, எழுதிக்கிறேன்."

பாயிண்ட்டக்கா தன் ஊழியர் எண்ணை ஒவ்வோர் இலக்கமாக, மெதுவாகச் சொன்னாள். அந்தப் பெண் ஒவ்வொன்றையும் வாய்விட்டுத் திருப்பிச் சொல்லிக்கொண்டே எழுதினாள்.